டயட் சார்ட் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது

"மேடம், சுகருக்கு ஒரு டயட் சார்ட் குடுங்க." உட்காரும் முன்பே பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். என் மேசை டிராயரில் அப்படி ஓர் அச்சடித்த தாள் ஒருகாலத்தில் கட்டுக்கட்டாக இருந்தது. அதைக் கொடுப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போதெல்லாம் இரண்டே விஷயம் கேட்கிறேன். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் மேசைமேல் வையுங்கள். அப்புறம், நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

உணவு ஆலோசனைக்கு மாத்திரை எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒருவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினார். சர்க்கரையைக் குறைக்க இரவு போடும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி எழுந்திருக்கிறார். மனைவி கருவியில் பார்த்தபோது சர்க்கரை 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கும் முன் மாத்திரை அளவை டாக்டரிடம் பேசியிருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

இன்னொன்று, 'சோடியம் குறைந்த உப்பு'. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாங்குகிறார்கள். சோடியத்தின் இடத்தில் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்பைக் குறைப்பது வேறு, உப்பை மாற்றுவது வேறு.

மாத்திரை சரி, அந்த 'நேற்று' எதற்கு? ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இருவருக்கும் 8.2. ஒருவர் இரவுப் பணிக் காவலாளி. அவருடைய பெரிய சாப்பாடே நள்ளிரவு ஒரு மணிக்குத்தான். மற்றவர் ஓய்வுபெற்றவர், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறத் தொடங்கியிருந்தது. "மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுங்கள்" என்பது முதலாமவருக்குப் பொருந்தும். இரண்டாமவருக்கு அதையே சொன்னால் சிறுநீரகத்தின் சுமை கூடும்.

நோயை விடுங்கள், ஒரே உணவுகூட எல்லோருக்கும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 800 பேரிடம் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து, 2015-ல் முடிவுகளை வெளியிட்டது. ஒரே உணவுக்கு ஒருவருக்குச் சர்க்கரை எகிறியது, இன்னொருவருக்கு அசையவே இல்லை.

அதனால் காவலாளியிடம் தடை செய்த உணவுப் பட்டியல் எதையும் நான் நீட்டவில்லை. ஒரு வாரம், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் பெரிய சாப்பாட்டைப் பணிக்குப் போகும் முன்பே முடிக்கச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் காயும் பருப்பும் முதலில், மாவுச்சத்து கடைசியில். பிறகு சாப்பிட்டதும் 15 நிமிட நடை. இயங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்தான். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மூன்று வாரத்தில் ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்துவிட்டு மனம் உடைபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது அளப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பழைய கணக்கு கழிய மூன்று மாதம் வேண்டும்.

வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வை. எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்ற இலக்கு, நோய் வரும் வாய்ப்பில் 58 சதவீதக் குறைவு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு 31தான். அதில் பங்கேற்றவர்கள் நோயின் விளிம்பில் இருந்தவர்கள், நோய் வந்துவிட்டவர்கள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பலரும் சொல்லாமல் விடும் விவரம் ஒன்று உண்டு. ஆரம்பப் பாடங்கள் 16-ஐயும் அவர்களுக்கு ஆளுக்கு ஆள் தனியாக உட்கார்ந்து சொல்லித்தந்தார்கள்.

மூன்று மாதம் கழித்துக் காவலாளி வந்தார். 7.1. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, "நான் செஞ்சதை அப்படியே எழுதிக் குடுங்க மேடம், என் மச்சானுக்கும் சுகர்தான்" என்றார்.

மச்சானை மாத்திரைகளோடு வரச் சொன்னேன்.