ஆறாத புண்ணில் பெருவிழுங்கிகள் என்ன செய்கின்றன?

ரத்தப் பரிசோதனைத் தாளில் 'மோனோசைட்' என்று ஒரு வரி இருக்கும். வெள்ளையணுக்களில் இவற்றின் பங்கு சுமார் 2 முதல் 8 சதவீதம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு கொஞ்சம் மாறும். ஒன்றிரண்டு நாள் ரத்தத்தில் சுற்றிவிட்டு, திசு சேதமான இடத்தில் இறங்கிப் பருத்து, மேக்ரோபேஜாக மாறுகின்றன. தமிழில் பெருவிழுங்கி. எல்லாப் பெருவிழுங்கிகளும் இப்படி ரத்தம் வழியாக வந்தவை அல்ல. கல்லீரலின் குப்ஃபர் செல்களும் மூளையின் மைக்ரோக்ளியாவும் நாம் கருவில் இருக்கும்போதே குடியேறியவை.

விரலில் கத்தி பட்டால் முதல் சில மணி நேரத்தில் ஓடிவருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள். பெருவிழுங்கிகள் சற்றுப் பிந்தி, இரண்டாம் நாள் வாக்கில் திரள்கின்றன. கிருமியைக் கொல்ல நைட்ரிக் ஆக்ஸைடும், ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் வீரிய மூலக்கூறுகளும் அவற்றின் ஆயுதம். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களையும் சுரக்கும். காயம் சிவந்து, சூடாகி, வீங்குவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு. கிருமி ஒழிந்ததும் வேலை மாறுகிறது. செத்த நியூட்ரோஃபில்களை விழுங்கிவிட்டு, புது ரத்தக்குழாய் முளைக்கவும் நார்த்திசு படியவும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. சண்டைக்கு எம்1, சீரமைப்புக்கு எம்2 என்று 2000-ஆம் ஆண்டு முதல் பெயரிட்டுப் படிக்கிறோம். இதை 'நல்லது, கெட்டது' என்று பிரித்துக் காட்டும் படங்களை நம்ப வேண்டாம். திசுவில் இருப்பவை பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்டவை.

சேதம் தினமும் தொடர்ந்தால் இந்தக் கைமாற்றம் முடிவதே இல்லை. பாக்கு மெல்லும் வாயைப் பாருங்கள். சுண்ணாம்பு சளிச்சவ்வை அரிக்கிறது, பாக்கின் முரட்டு நார் கீறுகிறது, அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் நார்த்திசுவைக் கூட்டுகிறது. ஆறுவதற்குள் அடுத்த பாக்கு. ஒரு பக்கம் ஆயுத மூலக்கூறுகள் அக்கம்பக்கத்துச் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்க, மறுபக்கம் வளர்ச்சிக் காரணிகள் அதே செல்களைப் 'பிரி, பெருகு' என்று விரட்டுகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற காரணி கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் குவிக்க, கன்னம் வார்போல இறுகுகிறது. சாதாரணமாக மூன்று விரல் செங்குத்தாக நுழையும் வாய் இரண்டாக, ஒன்றாகச் சுருங்கும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. 'நான் புகையிலை போடுவதில்லை' என்பது இதில் சமாதானம் ஆகாது.

கட்டி உருவானபின் கதை இன்னும் மோசம். புற்றுசெல்கள் சி.எஸ்.எஃப்.-1, சி.சி.எல்.2 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து மோனோசைட்டுகளை அழைக்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்த, லாக்டிக் அமிலம் தேங்கிய அந்த இடத்தில் வந்தவை சீரமைப்பு வேலைக்கே திரும்புகின்றன. கட்டிக்கு ரத்தக்குழாய் போட்டுத் தருகின்றன, சுற்றியுள்ள திசுவை நொதிகளால் அறுத்துப் பரவ வழிவிடுகின்றன, புற்றைக் கொல்ல வரும் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்களையும் அடக்குகின்றன. சில மார்பகக் கட்டிகளின் எடையில் பாதிவரை பெருவிழுங்கிகளாக இருக்கக்கூடும். கட்டியை 'ஆறாத காயம்' என்று நோயியல் வல்லுநர் ஹெரால்ட் டுவோராக் 1986-இலேயே எழுதினார். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடி விற்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: எந்தச் செல்லை, எந்த வேலையில் கூட்டுகிறீர்கள்?

இதே செல்களைச் சிகிச்சைக்குத் திருப்பவும் முடியும். பிறந்த குழந்தையின் இடது தோளில் போடும் காசநோய்த் தடுப்பூசியான, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்ட பி.சி.ஜி., தசைக்குள் ஊடுருவாத சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 1976 முதல் மருந்தாக இருக்கிறது. கட்டியைச் சுரண்டி எடுத்து, குறைந்தது இரண்டு வாரம் கழித்து, வாரம் ஒருமுறை ஆறு வாரம். முதலில் கிடைத்த மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பெட்டியில் வந்ததுதான் இந்த 'ஆறு' கணக்குக்குக் காரணம் என்பார்கள். குழாய் வழியே செலுத்திய மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் கழிவறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். குழாய் நுழைக்கையில் ரத்தம் வந்தால் அன்று மருந்து கூடாது. உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். எரிச்சலும் லேசான காய்ச்சலும் எதிர்பார்த்தவை. 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. 'என்னை விழுங்காதே' என்று காட்டும் சி.டி.47 புரதத்தைப் புற்றுசெல்கள் போர்த்திக்கொள்கின்றன. அதை மறைத்துவிட்டால் பெருவிழுங்கி கடித்துவிடும் என்பது கணக்கு. ஆனால் ரத்தச் சிவப்பணுக்களிலும் அதே புரதம் இருப்பதால் மருந்து பெற்றவர்களுக்குச் சோகை வந்தது. இப்படி வேலை செய்யும் மேக்ரோலிமாப் என்ற மருந்தின் ரத்தப் புற்றுச் சோதனைகள் 2024-க்குள் நிறுத்தப்பட்டன.

அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. பற்றி ஒரு வார்த்தை. இன்டர்லூகின்-6 சொல்லி கல்லீரல் செய்யும் புரதம் இது. சில மணி நேரத்தில் ஏறும், இரண்டு நாளில் உச்சம் தொடும், காரணம் அகன்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். சொத்தைப்பல் சீழே இதை ஏற்றிவிடும். அதிகம் என்பதால் புற்று என்றோ, சரியான அளவு என்பதால் புற்றில்லை என்றோ முடிவுகட்டக் கூடாது.

வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். கூரான பல்லையோ உராயும் பல்செட்டையோ சரிசெய்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஆறவில்லை என்றால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதைப் புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் செத்த திசுவும் அழற்சியும்தான் தெரியும். நல்ல திசுவைத் தொடும் ஓரத்திலிருந்து எடுப்பதே முறை. ஸ்டீராய்டு களிம்பைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் தடவுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. எரிச்சல் அடங்கும், சிவப்பு குறையும், அடியில் தடிப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். விரலால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். கல் போலத் தட்டுப்பட்டால், வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே காட்டுங்கள்.