துறையிடை: “இடை” எங்கே நிற்க வேண்டும்?

பல பாடங்களை இணைத்துக் கற்பிப்பதைச் சொல்லும் “இன்டர்டிசிப்ளினரி” என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதில் பாதி நமக்குப் பழகிய சொல். பள்ளியில் “டிசிப்ளின்” என்றாலே வரிசை நேராகிவிடும். ஆனால் அதன் லத்தீன் மூலமான “டிசிப்ளினா” கற்பித்தலையும் கற்ற அறிவையும் குறித்தது. “டிசிப்புலுஸ்” என்றால் மாணவர். “இன்டர்” என்றால் இடையே.

அறிவுப் பிரிவுக்குத் தமிழில் “துறை” இருக்கிறது. படித்துறை, தோணித்துறை என்று ஆற்றில் இறங்கும் இடத்தைச் சொன்ன சொல். ஆறு ஒன்று, இறங்குமிடம் பல. இதைவிடப் பொருத்தமாக அமையாது. “இடை”யை எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாற்றம். “இடைத்துறை” என்று எழுதுவோர் உண்டு. இடைத்தேர்தல், இடைவேளை, இடைக்காலம் போல அது முன்னால் வந்தால் நடுவில் வருவது என்றே பொருள்படும். ஆகவே “துறையிடை” சரி. பள்ளியில் துறை ஏது, பாடம்தானே? அங்கே “பாடமிணைந்த கற்பித்தல்” எளிதாகப் புரியும்.

“பல்துறை” வேறு. ஒரே தலைப்பை ஒவ்வொருவரும் தம் பாடத்தில் நடத்தினால் அது பல்துறை. பின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், பல துறைகளைச் சேர்த்த கற்றல் தொகுதி ஒன்றாவது ஆண்டுதோறும் நடக்க வேண்டும் என்கிறது. அந்தத் தொகுதியை அங்கே “மொனிஅலைனென்” என்பார்கள்: “மொனி” என்றால் பல, “அலா” என்றால் துறை. இந்தப் பின்னிஷ் மொழிச் சொல்லும் நம் பல்துறை போலவே கட்டப்பட்டது. “கூட்டுக் கற்பித்தல்” இன்னொன்று: இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நிற்பது. அங்கே பாடம் ஒன்றாகவும் இருக்கலாம்.

துறையிடைக்கு ஒரு சோதனை உண்டு: ஒரு பாடத்தை எடுத்துவிட்டால் வேலை நின்றுபோக வேண்டும். சென்னையில் எட்டாம் வகுப்பு நிழற்கடிகாரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். நிழல் தரும் கம்பி தரையிலிருந்து 13 டிகிரி உயர்ந்து வடக்கு நோக்க வேண்டும். அது சென்னையின் அட்சரேகை, புவியியல் தருவது. நிழல் விழும் தட்டு கம்பிக்குச் செங்குத்து. மணிக்கு 15 டிகிரியாகக் கோடு போடுவது கணக்கு. நாழிகைக் கோடு வேண்டுமென்றால் 24 நிமிடத்துக்கு 6 டிகிரி. காலை 6 முதல் மாலை 6 வரையிலான 180 டிகிரியில் காலை, நண்பகல், எற்பாடு (பிற்பகல்) என்ற மூன்று சிறுபொழுதுகள் 60 டிகிரி வீதம் கச்சிதமாக உட்காரும். அந்தப் பெயர்களைத் தமிழாசிரியர்தான் கொண்டுவர முடியும்.

முதலில் பிழைக்கும் இடம் தட்டு. மேல்பக்கம் மட்டும் கோடு போட்டால் செப்டம்பர் கடைசியில் நிழல் அடிப்பக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் வரைய வேண்டும். அடுத்தது, கைக்கடிகாரத்தோடு நேரம் ஒத்துவராது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, சென்னை ஏறத்தாழ 80.3இல் இருக்கிறது, அதில் 9 நிமிடம் போகிறது. மீதி வித்தியாசம் மாதத்துக்கு மாதம் மாறும்: பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது 12.23 வாக்கில், நவம்பர் தொடக்கத்தில் 11.53 வாக்கில். “தப்பு” என்று திருத்தி முடித்துவிடாதீர்கள். நேரத்தைத் திருத்த அட்டவணை போடுவதா, வளைகோடு வரைவதா, கோடுகளையே நகர்த்துவதா என்று மாணவர்கள் முடிவெடுப்பது இங்கேதான். படைப்பாற்றல் என்று நாம் பெரிதாகப் பேசுவது பெரும்பாலும் இப்படி ஒரு முரணில்தான் தொடங்குகிறது.

ஓவிய ஆசிரியரை கடைசி நாளில் சார்ட் எழுத அழைப்பது பரவலான வழக்கம். முகப்பில் எது பெரிதாகத் தெரிய வேண்டும், எழுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பவை தட்டு வெட்டும் முன்னே தீர வேண்டியவை. அவர் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். 40 நிமிடப் பீரியடில் வெயிலுக்குப் போய்த் திரும்பவே பாதி கரையும், இரண்டைச் சேர்த்து வாங்குங்கள். மதிப்பெண்ணை எந்தப் பாடத்தில் ஏற்றுவது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.