மீசை மெலிய மெலியச் சூடு கூடும்: வீட்டில் கிரேஃபிஷ் இரை வார்ப்பவர்களுக்கு

குளிர்காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் ஏரிகள் உறையத் தொடங்கியதும் படகுகள் தார்ப்பாய்க்குள் போய்விடும். அதே வாரத்தில் வீட்டு கராஜ்களில் வேறொரு வேலை ஆரம்பமாகிவிடும். பாஸ் மீன் பிடிப்பவர்களில் பலர் வசந்த காலத்துக்குத் தேவையான மென்பிளாஸ்டிக் இரைகளைத் தாங்களே உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆலையில் பி.வி.சி. கலவைகளோடு வேலை பார்த்து வருபவன். இரை வார்ப்பதை முதலில் பொழுதுபோக்காகச் செய்தேன். பிறகு வார இறுதிகளில் சிலருக்குக் கற்றும் கொடுத்தேன். அந்த வகுப்புகளில் கேட்ட, பார்த்த விபத்துகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. கவனக்குறைவைவிட, இரை நிஜக் கிரேஃபிஷைப் போலவே இருக்கவேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலானவர்களை ஆபத்துக்குள் இழுத்தது.

கிரேஃபிஷைப் பார்க்காதவர்கள், சிங்கி இறாலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி நன்னீரில் விட்டதாக நினைத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு ஜோடிக் கொடுக்கு, அதன் பின்னால் நான்கு ஜோடி நடைக்கால்கள், இரண்டு நீண்ட மீசைகள், விசிறி போல விரியும் வால். லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்னும் இருவகைப் பாஸ் மீன்களுக்கும் இது விருப்பமான உணவு. உயிருள்ள கிரேஃபிஷையே தூண்டிலில் கோத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ரஸ்டி கிரேஃபிஷின் கதையைச் சொல்லவேண்டும். ஓட்டின் இருபுறமும் துருப்பிடித்தது போன்ற புள்ளி கொண்ட இந்த இனம் ஒஹையோ ஆற்றுப் படுகைக்குச் சொந்தமானது. மீனவர்களின் இரைவாளிகளில் ஏறி வடக்கே விஸ்கான்சின், மின்னசோட்டா ஏரிகளுக்குப் போய், அங்கே நீர்த்தாவரங்களை மொட்டையடித்து, உள்ளூர் இனங்களையும் விரட்டிவிட்டது. விஸ்கான்சினில் மிசிசிப்பி ஆறு நீங்கலான உள்நாட்டு நீர்நிலைகளில் உயிருள்ள கிரேஃபிஷையும் தூண்டில் கருவிகளையும் ஒருசேர வைத்திருப்பதே குற்றம். ஆகவே செயற்கை இரை என்பது வெறும் வசதிக்கான மாற்று அல்ல.

இந்தக் கலைக்கும் நான் வாழும் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. 1926இல் ஆக்ரன் நகரின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்னும் வேதியியலாளர், விறைப்பான பி.வி.சி.யை உயர் கொதிநிலை கொண்ட கரைப்பானில் சூடாக்கி, ரப்பர் போல வளைந்துகொடுக்கும் பொருளாக மாற்றினார். அதே ஆக்ரனில் 1949இல் நிக் கிரீம் என்பவர் மென்மையான வினைல் பிளாஸ்டிக்கில் மண்புழு வடிவ இரையைத் தன் வீட்டிலேயே வார்த்தார். இன்று கடையில் தொங்கும் மென்பிளாஸ்டிக் இரைகள் பலவற்றுக்கும் அந்தப் புழுதான் மூதாதை. வீட்டில் வார்ப்பது நேற்று வந்த பழக்கமல்ல.

என் முதல் கிரேஃபிஷ் அச்சை நான் செத்த கிரேஃபிஷ் ஒன்றின் மேலேயே சிலிக்கானை ஊற்றி எடுத்தேன். ஓட்டின் சொரசொரப்பு, கொடுக்கின் பற்கள், கண்ணின் காம்பு என்று ஒன்றும் தவறவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். பாஸ் மட்டும் மெச்சவில்லை. தண்ணீரில் அது கல்லைப் போல விழுந்து, கல்லைப் போலவே கிடந்தது. அதன் பிறகுதான் ஓர் ஓடையோரம் உட்கார்ந்து உயிருள்ள கிரேஃபிஷைக் கவனித்தேன். மிரண்டால் அது வாலைச் சட்டென்று வயிற்றுக்கடியில் மடக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது; பாயும்போது கொடுக்குகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு பின்னால் இழுபடுகின்றன; தப்ப வழியில்லை என்றால் உடலின் முன்பகுதியை நிமிர்த்திக் கொடுக்குகளை விரித்து உயர்த்துகிறது. இந்த இரண்டு நிலைகளும் இரையில் வந்துவிட்டால் கண்ணின் காம்பு இல்லாதது மீனுக்குத் தெரியப்போவதில்லை. எனவே தூண்டில் நரம்பு வால்பக்கம் கட்டப்படவேண்டும், எடை அங்கே அமரவேண்டும், கொடுக்குகள் மிதந்து நிற்கவேண்டும். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பி.வி.சி.யின் அடர்த்தி சுமார் 1.4, அதை மென்மையாக்கும் எண்ணெயின் அடர்த்தி 1க்குச் சற்றுக் குறைவு, இரண்டும் கலந்தது நீரில் மெதுவாக அமிழும். கொடுக்குக்கான பங்கில் மட்டும் நுண்ணிய வெற்றுக் கண்ணாடிக் குமிழ்த்தூள் சேர்த்தால் அது மிதக்கும். அந்தத் தூளைக் கலக்கும்போது துகள் தடுக்கும் முகமூடி கட்டாயம். அது காற்றில் எழும்பினால் மூச்சோடு உள்ளே போகும்.

கொடுக்கின் அளவில் நான் நிஜத்தை வேண்டுமென்றே மீறுகிறேன். பெரிய கொடுக்கு மீனுக்கு எச்சரிக்கை. சிறிய கொடுக்கும் புதிதாகச் சட்டை உரித்த மென்தோலும் கொண்ட கிரேஃபிஷ் அதற்கு எளிய உணவு. நிறத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. புதியவர்கள் பலர் தட்டில் பார்த்த கிரேஃபிஷின் செந்நிறத்தையே அச்சில் ஊற்றுகிறார்கள். வேகும்போது ஓட்டிலுள்ள புரதம் சிதைந்து, அதனோடு பிணைந்திருந்த அஸ்டாக்சாந்தின் என்னும் சிவப்பு நிறமி வெளிப்படுகிறது. லூசியானாவின் சதுப்புநிலக் கிரேஃபிஷ் உயிரோடேயே சிவந்திருக்கும் என்பது உண்மைதான். எங்கள் ஏரிகளுக்கு ஆலிவ் பச்சையும் பழுப்பும், நுனியில் ஒரு துளி ஆரஞ்சும் போதும்.

இனி ஆபத்து எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். நாம் வாங்கும் பிளாஸ்டிசால் பால் போன்ற திரவம். எண்ணெயில் மிதக்கும் பி.வி.சி. துகள்கள்தான் அது. சூடேறும்போது முதலில் திரைந்த பாலைப் போலக் கட்டி கட்டியாகிறது. கிளறிக்கொண்டே சுமார் 350 ஃபாரன்ஹீட், அதாவது 177 செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோனால் தெளிந்த பாகாகிறது. அந்தப் பாகு உடல், வால் போன்ற பருத்த பகுதிகளுக்குத் தாராளமாக ஓடும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள மீசைக்குள்ளும் காலுக்குள்ளும் நுழைவதற்குள் குளிர்ந்து நின்றுவிடும். அரைகுறை மீசையோடு வெளிவந்த இரையைப் பார்த்தவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கோப்பையை மறுபடியும் மைக்ரோவேவில் வைத்து இன்னும் ஒரு நிமிடம் சூடேற்றுவது.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது என் தொழிலின் அரிச்சுவடி. பி.வி.சி.யின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். வெப்பம் மிகும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகச் சங்கிலியிலிருந்து கழன்றுகொள்கிறது. கழன்ற வாயுவே அடுத்த கழற்சியைத் தூண்டுவதால், ஒருமுறை தொடங்கிய சிதைவு தானே வேகமெடுக்கும். பாகு மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கறுப்பது இதனால்தான். சிதைவைத் தடுக்கக் கலவையில் சேர்த்திருக்கும் வெப்பநிலைப்படுத்தி இந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு மறுசூட்டிலும் அது கொஞ்சம் செலவாகிவிடும். இரண்டு முறைக்கு மேல் சூடேற்றிய பாகை நான் நம்புவதில்லை. அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே அளக்கும், மைக்ரோவேவோ பாகின் நடுப்பகுதியை அதிகம் சூடாக்கிவிடலாம். ஆகவே நன்றாகக் கிளறிய பிறகே அளக்கவேண்டும். உணவு சூடாக்கும் அடுப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

கோப்பையிலிருந்து எழும் புகையும் ஒரே வகையானதல்ல. வெண்மையாக மெல்ல எழுவது பெரும்பாலும் மென்மையாக்கும் எண்ணெயின் ஆவி. மூக்கையும் தொண்டையையும் கண்ணையும் குத்துவது அமில வாயு. தூசுக்கு அணியும் என்95 முகமூடி இந்த வாயுவை நிறுத்தாது. கரிம ஆவி, அமில வாயு, துகள் மூன்றையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அதுவும் தாடி மழித்த முகத்தில்தான் இறுக்கமாகப் பொருந்தும். அதற்கும் முன்னால் காற்றோட்டம். இந்த வேலை நடப்பதே கடுங்குளிரில் என்பதால் கதவை இழுத்து மூடிக்கொண்டு வார்க்கிறார்கள். என் வகுப்புக்கு வந்த ஒருவர் இரண்டு குளிர்காலங்கள் விடாத இருமலுக்கு மருந்து சாப்பிட்டிருந்தார். கராஜ் கதவைத் திறந்து, முதுகுப்பக்கத்திலிருந்து வாசலை நோக்கி வீசும் மின்விசிறியை வைத்துக்கொண்ட மூன்றாம் குளிர்காலத்தில் அவருக்கு அந்த இருமல் வரவில்லை. காரணம் அதுதான் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விசிறியை அவர் அகற்றவில்லை.

மெல்லிய பகுதி நிரம்பச் சூட்டைக் கூட்டுவது தேவையே இல்லை. அச்சை 50 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொண்டால் பாகு உள்ளே குளிர்வது தாமதமாகும். கொடுக்கின் நுனியிலும் ஒவ்வொரு கால்நுனியிலும் முடியளவு காற்றுவழி கீறிவிட்டால், அடைபட்ட காற்று பாகை எதிர்த்துத் தள்ளாது. கையால் ஊற்றுவதற்குப் பதில் உலோக ஊசிக்குழலால் மெதுவாக அழுத்தி, பாகு இறுகும் வரை அழுத்தத்தை விடாமல் பிடித்தால் முதுகில் குழியும் விழாது. அலுமினிய அச்சில் முதல் வார்ப்பு எப்போதும் வீண். அது அச்சைச் சூடாக்கத்தான் என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு மலிவு என்பதால் புதியவர்கள் அதிலேயே தொடங்குகிறார்கள். நான் நேரில் பார்த்த மோசமான தீக்காயமும் அதிலிருந்துதான் வந்தது. நண்பர் ஒருவர் கால்களின் நுணுக்கம் தெரியும்படி அழகாகச் செதுக்கிய அச்சை ஒரே ஒரு நாள் உலர்த்திவிட்டுப் பாகை ஊற்றினார். இறுகிய பிளாஸ்டர் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். அதன் துளைகளில் தங்கிய நீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. பாகு ஊற்றிய வேகத்தில் திரும்பி வந்து அவருடைய முன்கையில் ஒட்டிக்கொண்டது. சமையல் எண்ணெய் தெறித்தால் வழிந்தோடிவிடும்; இது ஒட்டிக்கொண்டே சுடும். அப்படி நேர்ந்தால் அதைப் பிய்க்கக் கூடாது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஒட்டியதோடேயே மருத்துவரிடம் போகவேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், பேனா மை என்று நம் வீடுகளில் தடவும் எதுவும் வேண்டாம். அச்சு உலர்ந்ததா என்பதற்கு நான் கையை நம்புவதில்லை, தராசை நம்புகிறேன்: தினமும் எடை பார்த்து, எடை குறைவது அடியோடு நின்ற பிறகே எப்பாக்ஸி பூசி அடைக்கிறேன். இரையின் உடலுக்கு எடை கூட்டச் சேர்க்கும் உப்புத்தூளையும் அடுப்பில் வறுத்து ஈரம் போக்கவேண்டும். முழங்கை வரை நீண்ட தோலுறை, முகக்கவசம், பருத்தி உடை ஆகியவை இல்லாதவரை என் மேசைக்கு அருகே நான் விடுவதில்லை.

பழைய இரைகளைச் சேர்த்து மறுபடி உருக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஏரியில் ஊறியவற்றில் நீர் இருக்கும், வாரக்கணக்கில் உலர்த்தவேண்டும். கொக்கித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரமும் ஆகாது, இரும்பும் துத்தநாகமும் பி.வி.சி.யின் சிதைவை விரைவுபடுத்தும். டி.பி.இ. என்னும் வேறுவகை நெகிழியில் செய்த இரைகள் இவற்றோடு ஒரே பெட்டியில் கிடந்தாலே இரண்டும் இளகிப் பிசுபிசுத்துவிடும். கழிவை ஒருபோதும் எரிக்கக் கூடாது.

வார்ப்பு முடிந்த பிறகும் மெல்லிய உறுப்புகளின் கதை முடிவதில்லை. இழையளவு மீசையும் காலும் நான்கைந்து வீச்சிலேயே அறுந்து ஏரியடியில் தங்கும். உப்பு அதிகமான உடலோ கொக்கியில் நிற்காமல் கிழியும். மெய்ன் மாநில ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டியில் இட்ட மென்பிளாஸ்டிக் இரைகளை புரூக் டிரவுட் மீன்கள் தாமாகவே விழுங்கின. விழுங்கியவை எடை இழந்தன. கனடாவின் ஒன்டேரியோவில் சார்ல்ஸ்டன் ஏரியில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆய்வாளர்கள் பிடித்துச் சோதித்த லேக் டிரவுட்டில் 2.2 சதவீதத்திலும் ஸ்மால்மவுத் பாஸில் 3.4 சதவீதத்திலும் இத்தகைய இரைகள் வயிற்றில் இருந்தன. அங்குள்ள மீன்பிடிப்பவர்கள் தாம் அறுத்த லேக் டிரவுட்டைப் பற்றிச் சொன்ன அளவோ 17.9 சதவீதம். இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்து ஏரியே நஞ்சாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீரில் கிடந்த இந்த இரைகள் கரையவில்லை, ஊதிப் பெருத்தன என்றும் அதே ஆய்வு காட்டியது. அறுந்து விழக்கூடிய உறுப்பை அழகுக்காகச் சேர்ப்பதற்கு முன் எனக்கு அந்த ஊதிய துண்டுகள் நினைவுக்கு வருகின்றன.

இப்போது நான் பயன்படுத்தும் அச்சில் கால்கள் தனித்தனியாக இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக, சீப்பின் பற்களைப் போல அடியில் சேர்ந்த ஒரு விளிம்பு மட்டும் உண்டு. மீசை வேரில் 2 மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கிக் குறுகி முடிகிறது. கொக்கி ஏறும் வால்பக்கத்தில் உப்பில்லாத கெட்டிக் கலவை, உடலில் உப்புக் கலவை, கொடுக்கில் குமிழ்க் கலவை என்று மூன்று ஊற்று. கொடுக்கு உடலோடு சேரும் கணு மட்டும் மெல்லியது, ஆனால் அகலமானது, அதனால் ஆடும், அறுவதில்லை. மேசையில் வைத்தால் குழந்தை களிமண்ணில் பிடித்த கிரேஃபிஷ் போலத்தான் தெரியும். சென்ற மே மாதம் ஆக்ரனுக்கு அருகிலுள்ள போர்ட்டேஜ் லேக்ஸ் ஏரிகளில் ஒரே இரையில் ஒன்பது பாஸ் பிடித்தேன். ஒன்பதாவதை விடுவித்தபோதும் இரண்டு கொடுக்குகளும் அதனதன் இடத்தில் இருந்தன.