அகவணி: ஒரு சொல் விளக்கம்

உயர்தர உயிரியல் படிக்கும் என் பெறாமகள் கேட்டாள்: "சித்தப்பா, அணி என்றால் நகை அல்லவா? குருதிக்குழாய்க்குள் ஏது நகை?"

அணிக்கு வரிசை என்றும் பொருள் உண்டு: படையணி, அணிவகுப்பு. அகம் + அணி = அகவணி. உள்ளே வரிசையாக நிற்பது. குருதிக்குழாயின் உட்புறத்தை மூடும் கலங்களின் (செல்களின்) மெல்லிய படைதான் அது.

மூலச்சொல்லான எண்டோதீலியத்தில் (endothelium) இந்தத் தெளிவு இல்லை. கிரேக்கத்தில் 'எண்டோன்' உள்ளே, 'தேலே' முலைக்காம்பு. காம்பை மூடிய மென்தோலுக்கு உருவான எபிதீலியம் (தமிழில் மேலணி) என்ற சொல்லைப் பின்பற்றி, 1865இல் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் இதை ஆக்கினார். குருதிக்குழாயில் காம்பு ஏது? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் மேலணியும் அகவணியும் இடத்தையும் அடுக்கையும் நேராகச் சொல்கின்றன.

அந்த அடுக்குத்தான் செயற்கைக் குருதிக்குழாய் ஒட்டில், அதாவது பழுதான குழாய்க்குப் பதிலாகத் தைத்து வைக்கும் குழாயில், தேடப்படுவது. ஒட்டுமாங்கன்றில் வரும் அதே 'ஒட்டு'. டக்ரோன் என்ற பொலியெசுத்தர் இழை போன்ற செயற்கைப் பொருளின் மேல் குருதி உறையும்; அகவணி மூடிய இடத்தில் அது உறையாமல் ஓடும். மனிதரில் இந்தப் படை தையல் விளிம்பிலிருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் போவதில்லை. நடுப்பகுதியில் ஏதாவது படிந்திருந்தால், அது அகவணிதானா என்ற கேள்வி எழுகிறது.

வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்துக்குச் சாயமிட்டுப் பார்ப்பார்கள். அகவணிக் கலங்கள் அதைச் சேமித்து வைத்திருக்கும். ஆனால் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளிலும் அது உண்டு. ஒட்டில் படிந்த வெறும் குருதிக்கட்டியும் சாயம் ஏற்கும். அதைப் பார்த்து 'ஆறிவிட்டது' என்று எழுதினால் பெரும் பிழை. ஆகவே வரிசையையும் பார்க்க வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் பட்டதும் கல எல்லைகள் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும். இடைவெளியின்றி நெருங்கி, குருதி ஓடும் திசையில் நீண்டு கிடக்கும் கலங்கள். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவருக்கு 'அணி' என்ற சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது.

இலங்கை நூல்களில் 'அகவணிக் கலம்' என்றே எழுதலாம்; தமிழ்நாட்டில் கலத்தைச் செல் என்பார்கள். ஒட்டின்மேல் இந்தப் படை உருவாவதைச் சிலர் 'அகவணியாக்கம்' என்று எழுதக்கூடும். எனக்கு 'அகவணி படர்தல்' பிடிக்கிறது. தையல் விளிம்பிலிருந்து அந்தக் கலங்கள் கொடிபோல ஊர்ந்துதான் வருகின்றன.