சறுக்கி இறங்கும் பிள்ளையின் தலைமயிர் ஏன் எழுந்து நிற்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் ஒரு தாயார், பாடசாலை விடுமுறையில் தம் ஐந்து வயது மகளைக் குளிரூட்டப்பட்ட உள்ளக விளையாட்டிடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். பிளாஸ்ரிக் சறுக்கில் இறங்கி வந்த பிள்ளையின் தலைமயிர் சிலிர்த்து நின்றது. தூக்கப் போன தாயின் விரலில் சுரீரென்று அடித்தது. விகாரமகாதேவிப் பூங்காவில் எத்தனையோ முறை சறுக்கியும் இப்படி நேராததால், அம்மம்மா நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாராம். அம்மம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் காரணம் சறுக்கிலும் குளிரூட்டியிலுமே இருக்கிறது.

இரு வேறு பொருள்கள் தொட்டு உராய்ந்து பிரியும்போது ஒன்றில் நேர் மின்னேற்றமும் மற்றதில் மறை மின்னேற்றமும் மிஞ்சும் என்பது பாடசாலையில் படித்ததுதான். உடுப்பு சறுக்கில் உராய, பிள்ளையின் உடல் மின்னேற்றம் பெறுகிறது. ஒரே வகை மின்னேற்றம் பெற்ற மயிரிழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. காலுறையும் தரையில் விரித்த நுரைமெத்தையும் மின்னைக் கடத்தாததால் அந்த மின்னேற்றம் நிலத்துக்கு இறங்க வழியில்லை. வளியில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று தேவை. ஆகவே தாயின் விரலுக்கு 3 மில்லிமீற்றர் தூரம் பாய்ந்த பொறிக்குப் பின்னால் 9,000 வோல்ற்று அளவில் அழுத்தம் இருந்திருக்கும். பாயும் மின்னேற்றம் மிகச் சொற்பம், கண நேரத்தில் தீர்ந்தும் விடுகிறது என்பதால் தீங்கில்லை.

ஆனால் பூங்காவில் ஏன் நிகழவில்லை என்ற கேள்வியே எனக்கு மிகவும் பிடித்தது. ஈரமான வளி மின்னைக் கடத்திவிடுகிறது என்று பலர் விளக்குவார்கள். அது சரியன்று, நீராவி கலந்த வளியும் மின்னைக் கடத்தாத நல்ல காவலிதான். கடத்துவது வளியன்று, பொருள்களின் மேற்பரப்பில் படியும் நீர்ப்படலம். ஈரப்பதன் மிகுந்த இடத்தில் துணி, தோல், தூசி படிந்த பிளாஸ்ரிக் ஆகிய எல்லாவற்றின் மீதும் சில மூலக்கூறுத் தடிப்பே உள்ள, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்போர்வை ஒன்று விரிகிறது. வியர்வையின் உப்பும் கடற்காற்று கொண்டுவந்து தூவும் உப்பும் அதில் கரைந்து, மின்னேற்றமுள்ள துணிக்கைகளான அயன்களாகின்றன. அந்த அயன்கள் நகர்ந்து, மின்னேற்றம் சேரச் சேர அதைக் கசியவிடுகின்றன.

குளிரூட்டி இந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. 30 பாகை வெப்பநிலையும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள கொழும்பு வளியின் ஒவ்வொரு கன மீற்றரிலும் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். குளிர்ந்த குழாய்ச்சுருள்களில் பட்டு 12 பாகைக்கு இறங்கும்போது அவ்வளியால் 11 கிராமைக்கூட முழுதாகத் தாங்க முடியாது. எஞ்சியது நீராகி, கட்டடத்தின் பின்சுவரில் குழாய்வழியே சொட்டுகிறது. அந்த வளி மண்டபத்துக்குள் 24 பாகைக்குச் சூடேறும்போது ஈரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பின்சுவரில் சொட்டும் தண்ணீருக்கும் பிள்ளையின் சிலிர்த்த தலைமயிருக்கும் உள்ள இந்த உறவை நினைக்கும்தோறும் எனக்கு மனம் நிறைகிறது.

நான் படித்த ஆய்வுகூடத்தில் மழைக்காலத்தில் எபோனைற்று என்ற கடினமான இறப்பர்க் கோலை எவ்வளவு தேய்த்தும், மின்னேற்றத்தைக் காட்டும் பொன்னிலை மின்காட்டியின் இலை அசைய மறுத்தது. எங்களுக்கு விளங்காமல் போனது இந்த நீர்ப்படலம்தான். உராயும்போது கைமாறுவது இலத்திரனா, அயனா, பொருளின் நுண்துணுக்கா என்பதில் ஆய்வாளர்களுக்கிடையே இன்றும் முழு உடன்பாடில்லை. நம்மைப் போன்ற ஈரநிலத்தவர்கள் கேட்க வேண்டிய இக்கேள்விக்குப் பெருஞ்செலவுக் கருவிகள் அவசியமில்லை. இத்தகைய ஆய்வுகளுக்கெனப் பல்கலைக்கழகங்களுக்குச் சிறு தொகைகளேனும் தவறாமல் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிள்ளைக்கும் இது நல்ல விளையாட்டு. சறுக்கி வந்தவுடன் கடதாசித் துணுக்குகளைக் கையருகே பிடித்து அவை தாவுகின்றனவா என்று பாருங்கள். பின்னர் ஈரத்துணியால் சறுக்கைத் துடைத்துவிட்டு, அந்த ஈரம் காயுமுன் மீண்டும் சறுக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். சுரீரென்று அடிப்பதைத் தவிர்க்க, கையில் இறுகப் பற்றிய உலோகத் திறப்பொன்றால் முதலில் பிள்ளையின் கையை மெல்லத் தொடலாம். பொறி திறப்பில் விழ, மின்னோட்டம் உள்ளங்கை முழுவதும் பரவி வலி குறையும். ஒரே ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை: கேட்க உதவும் கொக்லியர் கருவி காதுக்குள் பொருத்தப்பட்ட பிள்ளையாயின், நிலைமின் அக்கருவியின் நிரலைக் குழப்பக்கூடும் என்பதால், சறுக்கில் ஏறுமுன் வெளியே அணியும் பகுதியைக் கழற்றி வைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.