வெப்ப எக்கி

குறைந்த சூட்டில் கிடக்கும் வெப்பத்தை மின்சாரச் செலவில் கூடுதல் சூட்டுக்கு ஏற்றும் கருவி ஹீட் பம்ப். அதைத் தமிழில் ‘வெப்பக் குழாய்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தவறு. வெப்பக் குழாய் வேறு கருவி: கம்ப்ரசர் இல்லாமலே சூடான முனையிலிருந்து ஆறிய முனைக்கு வெப்பத்தைக் கடத்துவது. ‘வெப்பமூட்டி’ என்றால் ஹீட்டர். ‘வெப்ப விசையியக்கக் குழாய்’ என்பதில் பொருட்பிழை இல்லை. ஆனால் பாய்லர் அறையில் நின்று அதை யார் வாய்விட்டுச் சொல்வார்?

ஆங்கிலத்தில் ‘பம்ப்’ முதலில் கப்பலின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் கருவிக்குத்தான் பெயர். டச்சுச் சொல்லோடு உறவுடையது. நமக்குப் பம்ப்செட்டு வருமுன், மாடு பூட்டிக் கூனை என்ற சாலால் இறைக்கும் கமலை. மாடு தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே கிடப்பதை மேலே கொண்டுவருகிறது. கிணறு ஆழமானால் அதே கூனைத் தண்ணீருக்குக் கூடுதலாக இழுக்க வேண்டும். ஹீட் பம்பின் கணக்கும் இதுதான். பெரும்பங்கு வெப்பம் கழிவுச் சூட்டிலிருந்தே வருகிறது, மின்சாரம் ஏற்றுகூலி. அந்தக் கூலியும் கடைசியில் வெப்பமாகச் சேர்ந்துவிடும். கமலையில் இந்தச் சலுகை கிடையாது.

ஆகவே ‘எக்கி’ பொருந்துகிறது. “பரண்ல இருக்கிற சட்டிய எக்கி எடு” என்றால் திருநெல்வேலிப் பக்கம் விளக்கம் வேண்டாம். நீரை வீசும் கருவி என்ற பொருளும் இச்சொல்லுக்குப் பழையதே. எவ்வளவு உயரம் எக்குகிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும்.

பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாலைக் குளிர்விக்கும் இயந்திரம் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரிலிருந்து 35 டிகிரியில் வரும் தண்ணீர் கூலிங் டவரில் வீணாக ஆறுகிறது. பக்கத்திலேயே குழாய், தொட்டி கழுவ 75 டிகிரி வெந்நீர் வேண்டும். எக்கி வெப்பத்தை வாங்கும் ஆவியாக்கியில் 30 டிகிரி, வெப்பத்தை விடும் ஒடுக்கியில் 80 டிகிரி என்று வைத்தால் எக்கும் உயரம் 50. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கும்? 80 டிகிரி கெல்வின் அளவில் 353. கோட்பாட்டு உச்சம் 353-ஐ 50-ஆல் வகுத்தால் 7. நடைமுறையில் பாதி, 3.5. ஆயிரம் லிட்டரை 30-லிருந்து 75-க்கு ஏற்ற 52 யூனிட் வெப்பம் வேண்டும். ஹீட்டர் என்றால் 52 யூனிட்டும் மின்சாரம். எக்கிக்கு 15 போதும்.

பாலைக் குளிர்விக்க இருக்கிற அமோனியா கம்ப்ரசரையே இதற்கு ஓட்டலாமே என்று தோன்றும். கூடாது. 80 டிகிரியில் அமோனியாவின் அழுத்தம் 40 பாரைத் தாண்டும். குளிரூட்டலுக்குச் செய்த இயந்திரம் தாங்காது.

கெடுவது பெரும்பாலும் தண்ணீருக்கும் எக்கிக்கும் இடையே வெப்பம் கைமாறும் தட்டு வெப்பமாற்றியில். தாமிரபரணித் தண்ணீர் மென்னீர். போர்வெல் தண்ணீரை மென்னீராக்காமல் விட்டால் 75 டிகிரி பக்கம் சுண்ணாம்பு படியும். டவர் பக்கம் பாசியும் சேறும். எந்தப் பக்கம் அடைத்தாலும் எக்கும் உயரம் கூடும்: உயரம் 50 டிகிரியாக இருக்கையில், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதல் கரண்ட். டவர் தண்ணீர் நின்றுபோனால் எக்கிக்குள் சுற்றும் குளிர்பொருள் திரவம் ஆவியாகாமல் கம்ப்ரசருக்குள் போய் வால்வை உடைக்கும். தண்ணீர் ஓட்டம் நின்றால் இயந்திரத்தை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்ச் இல்லாமல் ஓட்டக் கூடாது. பால் குளிர்வது ஒரு நேரம், கழுவுவது ஒரு நேரம் என்பதால் சூடு ஆறாதபடி உறைபோட்ட வெந்நீர்த் தொட்டியும் வேண்டும்.

நெல் அவிக்கும் ஆலையில் ஊறவைக்கும் வெந்நீருக்கும் எக்கி ஒத்துவரும். ஆனால் சொந்த உமியில் பாய்லர் ஓட்டும் ஆலைக்காரரிடம் இதை விற்கப் போகாதீர்கள்.