குறுக்கீட்டுமானியா, அலையிணைப்புத் தொலைநோக்கியா?

‘வானொலிக் குறுக்கீடு குறைந்த இடமாகப் பார்த்து இந்தக் குறுக்கீட்டுமானியை அமைத்தார்கள்.’ புனேவுக்கு வடக்கே, நாராயண்காவ் பக்கம் கோடாட் கிராமத்தில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. என்ற மாபெரும் வானொலித் தொலைநோக்கி பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். முதலில் வரும் குறுக்கீடு, தொல்லை. அடுத்து வருவதோ அந்தத் தொலைநோக்கி வேலை செய்யும் முறையே. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிக்கிற பிள்ளை எதை எதுவென்று எடுத்துக்கொள்ளும்?

குறுக்கீட்டுமானியின் ஆங்கில மூலச்சொல் ‘இன்டர்ஃபெரோமீட்டர்’. ‘இன்டர்ஃபியர்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஒன்றையொன்று அடித்துக்கொள்வது என்று பொருள். நடக்கும் குதிரையின் கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதை அப்படிச் சொன்னார்கள். 1800களின் தொடக்கத்தில் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் அதை ஒளியலைகளுக்குக் கொண்டுவந்தார். பிறவியிலேயே அதில் ‘ஒன்றோடொன்று’ என்ற பொருள் இருக்கிறது. நம் குறுக்கீட்டில் அது இல்லை. குறுக்கிடுவது என்றால் ஒருவர் வேலையில் இன்னொருவர் புகுந்து கெடுப்பது. ‘தலையீட்டுமானி’ என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், ஏதோ அமைச்சர் தலையிட்ட மாதிரி.

கோடாடில் நடப்பது என்ன? கம்பிவலையால் ஆன, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1990களில் எழுந்தவை. 14 கிண்ணங்கள் நடுவில் நெருக்கமாக நிற்கின்றன. மீதி 16 மூன்று கைகளாகப் பிரிந்து போகின்றன. கோடிக்குக் கோடி சுமார் 25 கிலோமீட்டர். வானிலிருந்து வரும் அலை ஒரு கிண்ணத்துக்கு முன்னும் மற்றதற்குச் சற்றுப் பின்னும் வந்து சேரும். அந்தக் காலவேறுபாட்டைச் சரிசெய்து, இரண்டிரண்டு கிண்ணங்களின் அலைகளை இணைத்துப் பார்க்கிறார்கள். 30 கிண்ணங்களில் 435 இணைகள். பூமி சுழலச் சுழல ஒவ்வொரு இணையும் வானத்தை வேறு கோணத்தில் பார்க்கிறது. இதையெல்லாம் கணினி கோத்தால், 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒற்றைக் கிண்ணம் காட்டும் அளவுக்கு நுணுக்கமான படம் கிடைக்கிறது. தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் ஹைட்ரஜன் அலை, 21 சென்டிமீட்டரில் கிளம்பி 48 சென்டிமீட்டராக நீண்டு வந்து இங்கே பிடிபட்ட செய்தி 2023இல் வெளியானது. சுழன்றபடி சீரான துடிப்புகளாக அலை அனுப்பும் துடிவிண்மீன் (பல்சர்) என்றால் வழி வேறு: படம் வேண்டாம், துடிப்பு வரும் நேரம்தான் வேண்டும். எல்லாக் கிண்ணங்களின் அலைகளையும் ஒருசேரக் கூட்டி அந்தத் துடிப்பை வலுவாக்கிக் கணக்கிடுகிறார்கள். காலவெளியையே அசைத்துச் செல்லும் ஈர்ப்பலைகளின் தடயம் பற்றி அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பியரும் இந்தியரும் சேர்ந்து வெளியிட்ட முடிவில் இந்தக் கணக்கும் உண்டு.

இதில் யார் யாருக்குக் குறுக்கே வந்தார்கள்? எல்லாமே இணைப்பு. அதனால் ‘அலையிணைப்பு’ என்பதே பொருந்தும் என்கிறேன்.

‘அலைகள் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டே, அதை இணைப்பு என்பதா?’ என்று கேட்பார்கள். ஐந்தோடு கழித்தல் ஐந்தைச் சேர்த்தால் பூச்சியம்; அதையும் கூட்டல் என்றுதானே சொல்கிறோம்? முகடும் பள்ளமும் சேர்ந்து அடங்குவதும் இணைப்பின் விளைவுதான். பாடநூலில் ‘ஆக்கக் குறுக்கீடு’ என்று ஒன்று இருக்கிறது, பாருங்கள். குறுக்கிட்டு ஆக்குவதாம்! சொல் தவறாக விழுந்ததால், அதற்கு முட்டுக்கொடுக்க ஓர் அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது.

அப்புறம் அந்த ‘மானி’. வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, மழைமானி மழையை அளக்கிறது. அப்படியானால் குறுக்கீட்டுமானி குறுக்கீட்டை அளக்க வேண்டும். கைபேசிக் கோபுரங்களும் மின்கம்பித் தீப்பொறிகளும் தரும் தொல்லையை அளக்கும் கருவி என்றே தமிழ்க் காது அதைக் கேட்கும். ஜி.எம்.ஆர்.டி. அளப்பது விண்மீன் மண்டலத்தை. அலையிணைப்பு அதற்கான வழி மட்டுமே. ஆகவே அது அலையிணைப்புத் தொலைநோக்கி. ஆய்வுக்கூட மேசையில் கண்ணாடிகளை வைத்துச் செய்வதை அலையிணைப்புக் கருவி என்றாலே போதும்.

ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைக்கும் தமிழை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதுதான் இன்று நம் மொழிபெயர்ப்பை அரிக்கும் நோய். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால், தமிழிலும் ஒரே சொல்தான் பார்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? தொல்லை தரும் அலைக்கு ‘வானொலி இடையூறு’ என்று வைத்துக்கொள்ளலாம். பாடநூல் மாற நாளாகும், சரி. செய்தி எழுதுகிறவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் சொன்ன வாக்கியத்தையே இப்படி எழுதலாம்: ‘வானொலி இடையூறு குறைந்த இடமாகப் பார்த்து இந்த அலையிணைப்புத் தொலைநோக்கியை அமைத்தார்கள்.’